தாய்ப்பத்திரம் உள்ள மீன்

குற்றாலத்தில் சாரல் எப்போது தொடங்கும் என்று தென்காசியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கில்லிமீன் அண்ணாச்சியிடம் மட்டும் கேட்காதீர்கள். சான்சிபாரில் எப்போது மழை என்றுதான் சொல்வார்.

ஆள் பத்திர எழுத்தர். வில்லங்கம் பார்த்துப் பழகிய கண். அதனால் மீனுக்கும் தாய்ப்பத்திரம் கேட்பார். எந்த நாடு, எந்த ஊர்க் குட்டை, எந்த வருஷம் பிடித்தது, எல்லாம் பையில் எழுதியிருக்க வேண்டும். ஒரே இனமானாலும் இரண்டு குட்டை மீன்களைச் சேர்த்து வளர்க்க மாட்டார். தங்கமீன் வளர்ப்பவர்களெல்லாம் அவருக்குப் புறம்போக்கில் குடியிருப்பவர்கள்.

"மீனைக் காட்டுங்க அண்ணாச்சி" என்றால் அலமாரியைத் திறந்து, தேதி எழுதிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து நீட்டுவார். உள்ளே ஈரத் தூள்.

"மீன் எங்க?"

"இதுக்குள்ளதாம்வே இருக்கு."

பொய்யில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மழைக் குட்டைகளில் வாழும் இந்தக் கில்லிமீன் இனம், தண்ணீர் வற்றுமுன் சேற்றில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். காய்ந்த சேற்றுக்குள் முட்டை மாதக்கணக்கில் உறங்கி, அடுத்த மழைக்குப் பொரிக்கும். தென்காசியில் சேற்றுக்குப் பதில் தென்னைநார்த் தூள். அதை வேகவைத்து, சாயம் போக அலசித் தொட்டியில் போட்டு, மீன் முட்டையிட்டபின் பிழிந்து, புகையிலைப் பதத்துக்கு ஆறவிட வேண்டும். வேகவைப்பது எந்தக் குக்கரில் என்பதில்தான் அந்த வீட்டில் சண்டை.

பொரிக்கும் நேரமாகிவிட்டதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார். கடுகைவிடச் சின்ன முட்டைக்குள் பொன் விளிம்போடு இரண்டு கண்கள் தெரிந்தால் தண்ணீர் ஊற்றலாம். அப்போதும் எல்லாம் பொரிக்காது. சில முட்டைகள் முதல் மழையை நம்பாமல் அடுத்ததற்குக் காத்திருக்கும். முதல் தூறலை நம்பி ஐந்தருவிக்கு ஓடிப்போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வருகிற நம்மைவிட விவரமானவை.

கில்லிமீன்களில் அற்பாயுசு, ஜிம்பாப்வேயிலிருந்து வந்து 1971-இல் பெயர் பெற்ற நீலப்பச்சைக் கில்லி. சில மாதங்களிலேயே கிழடு தட்டிவிடும் என்பதால், முதுமையை ஆராய ஜெர்மனியின் கொலோன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அதை வளர்க்கிறார்கள். அண்ணாச்சி இதைப் பெருமையாகச் சொன்னால், "முதுமைய ஆராய ஜெர்மனி எதுக்கு? எந் தலைமுடியப் பாத்தாப் போதாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

போன மழைக்காலத்தில் கொசுப்புழு ஒழிக்க வந்த பெண், கொல்லையில் புழு நெளியும் வாளியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"யம்மா, கொட்டிராத. அது மீனுக்குச் சாப்பாடு."

"மீன் எங்கய்யா இருக்கு?"

அண்ணாச்சி உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார். அவள் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனாள்.

இத்தனைக்கும் கில்லிகளின் உறவுக்கார மீன் ஒன்று நம் மலையோரத்து ஓடைகளிலேயே திரிகிறது. புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மானத்துக்கண்ணி என்பார்கள். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்திலேயே நின்று கொசுப்புழு தின்னும். ஒருநாள் காட்டினேன். "இது இங்க உள்ளதுதானவே" என்று நடையைக் கட்டிவிட்டார்.

சாரலுக்கு வந்தால் அவர் வீட்டுக்கும் போய்வாருங்கள். பை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பெருகினால் அருவி ஓடையில் கொண்டுபோய் விட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். அந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி.