எத்தனை கிராம் சட்டை?

நியூசிலாந்து மலையேறிகளிடம் மெரினோ கம்பளிச் சட்டை பற்றி வாயைக் கொடுத்தால் பொழுது விடிந்துவிடும். துணி சதுர மீட்டருக்கு 150 கிராமா, 200 கிராமா என்பதுதான் வழக்கு. வெயிலில் ஏற 150. குளிருக்கு உள்ளே போட 200. கூடாரத்தில் உட்கார்ந்து நடுங்க 260.

150 சீக்கிரம் காயும். ஆனால் முதுகுப்பையின் வார் உரசும் தோள்பட்டையில் முதல் ஓட்டையும் அதற்குத்தான் விழும். 200 நன்றாக உழைக்கும். ஏற்றத்தில் ஆளை அவித்தும் எடுத்துவிடும். விவரமானவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு மூன்றாவதற்குப் பணம் சேர்க்கிறார்கள்.

ஷ்ரெக் என்ற மெரினோ ஆட்டுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. கத்தரிக்கு டிமிக்கி கொடுத்து, தெற்குத் தீவின் குகைகளில் ஆறு வருடம் ஒளிந்து திரிந்தது. 2004-இல் பிடித்துக் கத்தரித்தபோது அதன் முதுகிலிருந்து இறங்கியது 27 கிலோ.