மாடியில ஒரு ஆசுபத்திரி

செருப்பைக் கீழயே கழட்டிப்போட்டுத்தான் மாப்ள உன்ற மொட்டைமாடிக்கு ஏறி வந்தேன். ஆசுபத்திரிக்குள்ள அப்படித்தானே போகோணும்? 20 தொட்டி, 26 பாட்டில். எங்கூரு மெடிக்கல் கடைக்காரன் பாத்தா வயிறெரிஞ்சு போவான். மீன் அமிலம், பஞ்சகவ்யா, முட்டை ஓட்டுத் தூள், வாழப்பழத் தோல் ஊறவெச்ச தண்ணி, எப்சம் உப்பு, அதென்ன, 19:19:19... எங்கக்கா உன்னைய வளத்தப்போ கிரைப் வாட்டர் ஒண்ணுதான் வெச்சிருந்தா. நீயும் நல்லாத்தான் வளந்தே. வாய்தான் கொஞ்சம் நீளமாப் போச்சு.

தக்காளியில ஒரு எலை பழுத்ததும் செல்போனைக் காட்டிக் கேட்டயாமா. ஒருத்தன் தழைச்சத்துன்னானாம், ஒருத்தன் இரும்புன்னானாம், இன்னொருத்தன் மக்னீசியம்னானாம். நீயும் யாரு மனசும் நோகக்கூடாதுன்னு மூணையும் ஊத்திப்போட்டே. மூணு வைத்தியன் மருந்தை ஒரே டம்ளர்ல கலக்கிக் குடிச்சவன் பொழைப்பானா?

மனுசனுக்குப் பதினாறு பேறுன்னு வாழ்த்தறோம். செடிக்கு அதுக்கு மேலயும் ஒண்ணு, 17 சத்து வேணும். மூணைக் காத்தும் தண்ணியும் சும்மாவே குடுத்துருது. பாக்கி 14 மண்ணுல இருந்து வரோணும். அதுல எது கொறையுதுன்னு கண்டுபுடிக்கப் பாட்டில் வேண்டாம் மாப்ள, முட்டி மடங்கோணும். குத்தவெச்சு உக்காரு. முடியலையா? பாரு, செடிக்கு முந்தி உனக்குத்தான் சுண்ணாம்புச் சத்துக் கொறை.

மொதல்ல பாக்க வேண்டியது, பழுத்தது அடியெலையா கொழுந்தாங்கறதுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம், இந்த நாலும் நடமாடற சத்து. பஞ்சம்னு வந்தா கெழட்டு எலை, தாய்க்காரி வாயைக் கட்டிப் புள்ளைக்கு ஊட்டறாப்புல, தன்னுதைக் கொழுந்துக்குத் தாட்டிவிட்டுட்டுத் தான் பழுத்துப்போகும். எலை பூராவும் ஒரே சீரா வெளுத்தா தழைச்சத்து. ஓரம் மட்டும் கருகுனா சாம்பல் சத்து. நரம்பு பச்சையா நின்னு நடுச்சதை மஞ்சளானா மக்னீசியம். இரும்பும் சுண்ணாம்பும் அப்படியில்ல. பத்திரம் பதிஞ்ச பூமியாட்டம், ஒரு எலை பேருக்குப் போயிருச்சுன்னா இன்னொண்ணுக்கு மாறாது. அதனால அது கொறைஞ்சா புதுக் கொழுந்துதான் மொதல்ல அழும்.

அதுக்காவ அடியில நாலு எலை பழுத்தொடனே ஆம்புலன்சைக் கூப்புடாத. வயசாயிப் பழுக்கறதும் உண்டு. என்ற தலையைப் பாத்து என்ன சத்து கொறையுதுன்னு நீ கேட்டயா?

இந்த வெண்டைக்கு ஏன் எப்சம் உப்பு அடிச்சே? மஞ்சளா இருந்துச்சா? நல்லாப் பாரு. நரம்பு பச்சையா நின்னு சதை மஞ்சளாகல, நரம்பே மஞ்சளாகி வலை பின்னுனாப்புல கெடக்குது. இது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ கொண்டாந்து ஏத்துன வைரஸ் சீக்கு. இதுக்கு உப்புப் போட்டா செடி பொழைக்காது, வெள்ளை ஈக்குப் பேதியானாத்தான் உண்டு. புடுங்கி அழிச்சுப்போடு. மொளகா எலை மேல பாத்துச் சுருண்டா இலைப்பேன், கீழ பாத்துச் சுருண்டா சிலந்திப்பேன். ரெண்டுக்கும் நீ ஊத்துன மீன் அமிலத்துக்கும் எந்த ஒறவும் இல்ல.

தக்காளிக்காய் அடியில கருப்பா அழுவுதே, அதுக்குத்தான் முட்டை ஓடு இடிச்சுப் போட்டயா? சுண்ணாம்புக் கொறைதான், ஒத்துக்கறேன். முட்டை ஓடு மண்ணுல கரையறதுக்குள்ள உன்ற மவன் கல்யாணத்துக்கு நிப்பான். மண்ணுல சுண்ணாம்பு இருந்தாலும் தண்ணி ஏத்திக்கிட்டுப் போனாத்தான் அது காய்க்குப் போய்ச் சேரும். நீ ஊட்டிக்குப் போயி மூணு நாள் கூத்தடிச்சுட்டு வந்து, பாவம்னு ஒரே நாள்ல மூணு கொடம் ஊத்துனே. அந்தக் காய்க்குச் சத்துப் பஞ்சமில்ல மாப்ள, உன்ற டூர் புரோகிராம்தான் பஞ்சம்.

உன்ற தொட்டி வெளிம்புல வெள்ளையாப் பூத்துக் கெடக்குதே, அது என்ன கோலமா? சிறுவாணித் தண்ணி உனக்கு, போர் தண்ணி செடிக்கு. அந்தக் காரத்தண்ணியே ஊத்திட்டு இருந்தா மண்ணும் காரமாகும். அப்புறம் மண்ணுக்குள்ள இரும்பு கெடந்தாலும் வேருக்கு எட்டாது, கொழுந்து வெளுத்துப்போகும். மண்ணோட கார அமிலத்தன்மை 6-ல இருந்து 7-க்குள்ள நின்னா நல்லது. பாக்கற காயிதம் கடையில விக்கறான். இல்லாட்டி மழையில நாலு தொட்டியை நனைய விட்டுப் பாரு, தெரியும்.

தென்னைநார்க் கழிவை மில்லுல இருந்து மூட்டை கட்டி அப்படியே கொண்டாந்து ரொப்பிட்டயாக்கும். மக்காத நார்க்கழிவுல தழைச்சத்து ஒரு பங்குன்னா கரி 112 பங்கு. அதை மக்க வெக்கற கிருமிக செடிக்குப் போட்ட தழைச்சத்தையெல்லாம் தின்னுப்போடும். நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துலயே சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வெச்சு, அந்த 112-ஐ 24-க்குக் கொண்டாரச் சொல்லித் தர்றாங்க. ஏன் அப்படி முழிக்கறே? மாமன் கைநாட்டுன்னு நெனச்சயா?

உன்னையச் சொல்றேன், நான் மட்டும் யோக்கியமா? யூரியா வந்த புதுசுல ஒரு புடி போட்டாப் பயிரு கரும்பச்சையா எந்திரிக்குதேன்னு, ஒரு மூட்டையப் பருத்திக் காட்டுல எறைச்சுப்போட்டேன். நூத்துக்கு 46 பங்கு தழைச்சத்துன்னு மூட்டையிலயே போட்டிருந்தான். எவன் படிச்சான்? செடி என்ற ஒசரத்துக்கு நின்னுச்சு, ஒரு காய் வெக்கல. அப்பறம் எலை நுனியெல்லாம் கருகிப்போச்சு. மாங்காய்க்கு உப்புப் போட்டா அதுல இருக்கற தண்ணி வெளிய வந்து சுருங்குதல்ல, வேருக்கும் அதே கதிதான். என்ற அப்பன் வரப்புல நின்னு, "பருத்தி போடச் சொன்னா பந்தல் போட்டிருக்கறான்"னு ஊரே கேக்கச் சொன்னாரு. இன்னமும் அந்த வழியாப் போறவன் எவனாச்சும் சிரிச்சா எனக்கு அதுதான் நெனப்பு வரும்.

பஞ்சகவ்யாவை எல்லாத்துக்கும் சொல்லிக்குடுத்தாரே கொடுமுடி டாக்டர் நடராஜன், அவரு சொன்ன அளவே நூத்துக்கு மூணு பங்குதான். 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி. நீ பாட்டிலைக் கவுத்து அபிசேகம் பண்ணிருக்கறே.

இப்ப ஒண்ணு பண்ணு. அந்த 26 பாட்டிலையும் மூட்டை கட்டி என்ற வண்டியில வெய்யி. எங்கூட்டுத் தென்னைக்கு ஆவும். சிரிக்காத, வைத்தியனுக்குக் கூலி வேண்டாமா? ரெண்டு வாரம் வெறும் தண்ணி. வெரலை மண்ணுக்குள்ள ரெண்டு கணு விட்டு, காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. பழுத்த எலை பச்சையாவுதான்னு தெனமும் போட்டா எடுக்காத, அது ஆவாது. புதுக் கொழுந்து எப்படி வருதுன்னு மட்டும் பாரு. அப்பறமா எது கொறையுதோ அதை மட்டும் போடலாம்.

அதென்ன மூலையில, பூப்போட்ட பீங்கான் தொட்டி? அம்முணி பொறந்த நாளைக்கு வாங்குனதா? கறிவேப்பிலை அடியிலயும் பழுத்து, நுனியிலயும் பழுத்து, எந்தக் கணக்குலயும் சேராம நிக்குது. கொஞ்சம் சாச்சுப் புடி பாக்கலாம்... ஏம்ப்பா, இதுக்கு அடியில ஓட்டையே இல்லையே! குளத்துல நின்னுட்டு இருக்குது பாவம். வேர் மூச்சு விடறது எப்படி?

போயி ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டா. அம்முணி கடைக்குத்தானே போயிருக்குது? வர்றதுக்குள்ள முடிச்சுப்போடலாம். ஒடைஞ்சு போச்சுன்னா, நான் வர்றதுக்கு முந்தியே ஒடைஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லிப்போடு.