கேலரி கோச்

பழைய காலாங் தேசிய விளையாட்டரங்கில் சிங்கப்பூர்க் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்றுநர் யார் என்று கேட்டால், மலேசியக் கிண்ணத்தை வென்ற ஆண்டுகளில் 1977-க்குச் சூ செங் கீ, 1980-க்கு ஜிதா சிங், 1994-க்கு டக்ளஸ் மூர் என்று விவரம் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அதெல்லாம் கோட்டோரம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள். சம்பளம் வாங்காத பயிற்றுநர்கள் மேலே கேலரியில் இருந்தார்கள், வரிசைக்கு ஒருவர் வீதம். அந்த அரங்கில் 55,000 பேர் உட்கார முடிந்தது. மொத்தம் எத்தனை பயிற்றுநர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வரிசைக்கு வாய்த்தவர் கோச் மாமா. உறவு கிடையாது. தோ பாயோவில் எங்கள் புளோக்கில் மூன்றாவது மாடியில் இருந்தார், துறைமுகத்தில் வேலை பார்த்தார், என் அப்பாவுக்கு நண்பர். அவர் பந்தை உதைத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை பிள்ளைகள் உதைத்த பந்து புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் காலடிக்கே உருண்டு வந்தது. மாமா குனிந்து கையால் எடுத்து, தூசியைத் தட்டி, ஏதோ பிரசாதம் கொடுப்பதுபோல் திருப்பிக் கொடுத்தார். "உதைக்கிறது ஆட்டக்காரன் வேலை" என்றார்.

மலேசியக் கிண்ண ஆட்டம் இருக்கும் நாளில் மாமாவின் பை மத்தியானமே தயாராகிவிடும். ஒரு குடை, ஒரு பிளாஸ்க் தே ஓ, கையடக்க வானொலி, முந்தின நாள் தமிழ் முரசு. செய்தித்தாள் இல்லாமல் காலாங்குக்குப் போகிறவன் புத்தியில்லாதவன். அங்கே எங்களுக்கு இருந்தவை நீள நீள மரப்பலகைகள்தான். வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, சிலாம்பு எந்த நேரத்தில் எங்கே ஏறும் என்று சொல்ல முடியாது. அரங்கில் ஒரு பக்கத்துக்குக் கூரை இருந்தது, மற்றவர்களுக்கு வானம். ஆகவே செய்தித்தாள் உட்காருவதற்கு ஆகும், தூறலுக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஆகும், கோல் விழுந்தால் கிழித்து ஆகாயத்தில் வீசவும் ஆகும். மாமா மட்டும் விரிப்பதற்கு முன் ஒரு சோதனை நடத்துவார். சாமி படம் உள்ள பக்கம், அமைச்சர் படம் உள்ள பக்கம், மரண அறிவித்தல் பக்கம் மூன்றையும் தனியே உருவி மடித்துப் பைக்குள் வைப்பார். மிஞ்சுகிற விளம்பரப் பக்கத்தில்தான் உட்காருவார். புடவைத் தள்ளுபடி விற்பனைமேல் உட்காருவதில் யாருக்கும் பாவமில்லை.

எங்களுக்கு ஒரு வரிசை கீழே, எனக்கு நேர் முன்னால் அவர் இடம். அங்கே உட்கார்ந்தால்தான் திரும்பி எங்களுக்குப் பாடம் எடுக்க வசதி. திடல் அவர் முதுகுப் பக்கம் இருக்கும். மாணவர்கள் முகத்துப் பக்கம். ஆட்டத்தில் பாதியை அவர் முதுகால் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் குறையை வானொலி ஈடுகட்டியது. இடது காதில் அதை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தின் மலாய் வருணனையைக் கேட்பார். கண் ஒன்று சொல்லி வானொலி வேறொன்று சொன்னால், அவருடைய தீர்ப்பு வானொலிக்குத்தான் சாதகம். "நீ பார்த்தது கிடக்கட்டும், ரேடியோவுல என்ன சொல்றான் கேளு."

திடலைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் வேறு. ஆட்டக்காரர்கள் தூரத்தில் தீக்குச்சி உயரத்துக்குத் தெரிவார்கள். அந்தத் தூரத்தைத் தாண்டி மாமாவின் கட்டளைகள் பறக்கும். "வலது பக்கம் குடுடா!" அவன் இடது பக்கம் கொடுத்தால், "சொன்னா கேக்குறானா?" தப்பித்தவறி வலது பக்கம் கொடுத்துவிட்டால், ஒன்றும் பேசாமல் எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குச் சூ செங் கீயே எழுந்து நின்றிருப்பார். மாமா தனக்கு மேலே ஒத்துக்கொண்ட ஒரே பயிற்றுநர் அவர்தான். "அங்கிள் சூ ஒருத்தர் இருந்தாரு. அவருக்கு அடுத்தது..." என்று இழுத்துவிட்டுத் தேநீர் குடிப்பார். அடுத்தது யார் என்று நாங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவர் அவர். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அரங்குக்கு வெளியே கச்சாங் பூத்தே விற்கிறவர் நம் ஊர்க்காரர். கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் தனித்தனிப் புட்டியில் வைத்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுத் தருவார். இடைவேளையில் மாமா பலகையில் கைக்குட்டையை விரித்தார். முறுக்குத் துண்டு கோலி. நான்கு வேர்க்கடலை தற்காப்பு. பச்சைப் பட்டாணி நம்ம தாக்குதல் ஆட்டக்காரர் ஃபாண்டி. "இப்ப பாரு. பந்து இங்கேருந்து கிளம்புது. அந்த நேரத்துல ஃபாண்டிக்கும் கோல் கோட்டுக்கும் நடுவுல எதிராளி ரெண்டு பேராவது இருக்கணும். கோலி ஒருத்தன், இந்தக் கடலை ஒருத்தன். சரியா?" சரி என்றேன். பக்கத்தில் யாரோ நடுவரைப் பற்றி என்னவோ சொல்ல, பதில் சொல்லத் திரும்பினார். திரும்பி வந்தபோது கைக்குட்டையில் பட்டாணி மட்டும் தனியாக நின்றது.

"கோலி எங்கடா?"

என் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"கோலியையே தின்னுட்டியேடா" என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "போ, இப்ப எல்லாம் ஆஃப்சைடுதான்" என்றார். அந்த விதி அன்றிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை.

ஆட்டக்காரர்களில் நம் பெயருள்ளவர்கள் வந்தால் மாமாவின் குரல் ஒரு கட்டை ஏறும். வளைத்து உதைப்பதில் பெயர் வாங்கிய ராஜகோபால் அவருக்கு ஒரு கண் என்றால், தற்காப்பில் மலைபோல் நின்ற சமது அல்லாபிச்சை இன்னொரு கண். "பேருலதான்டா பிச்சை. எதிராளி கையேந்தினா ஒரு கோல் போட மாட்டான்" என்பார். அவர்கள் ஆடி ஓய்ந்த பிறகு பிறந்த எங்களுக்கு, அவர்கள் ஆட்டத்தை வாயாலேயே ஆடிக் காட்டினார். கிண்ண இறுதியாட்டங்களில் 1977-இல் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்றது, 1980-இல் சிலாங்கூரை 2-1 என்று வென்றது இரண்டும் எனக்குப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் கோல் போடும் குவா கிம் சோங் இல்லை.

நடுவர் விஷயத்தில் மட்டும் மாமா தமிழைக் கைவிட்டார். அங்கே எல்லாருக்கும் ஒரே சொல்தான். "ரெஃப்ரி காயு!" காயு என்றால் மலாயில் மரம், கட்டை. நாம் மரமண்டை என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீடு. சீனர், மலாய்க்காரர், நம்மவர், சீக்கியர் எல்லாரும் காலால் பலகையை உதைத்து உதைத்து அந்த ஒரு சொல்லை முழங்கும்போது, உட்கார்ந்திருக்கும் மரமே தன்னைத் திட்டுவதாக நினைத்து அதிரும். காலாங் முழக்கம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் ஒரு பங்கு அந்தப் பலகைகளுடையது. இனநல்லிணக்கத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாட்டெல்லாம் பாடினோம். காயு அதைவிட வேகமாக வேலை செய்தது.

மாமாவிடம் சாஸ்திரங்களும் உண்டு. நம் குழு முன்னிலையில் இருக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது. கால்மேல் கால் போட்டிருந்தவன் அப்படியே இருக்க வேண்டும். 1-0 என்று இருக்கும் நேரத்தில் ஒண்ணுக்குப் போவது தேசத்துரோகம். என் அப்பா ஒருமுறை கெடாவுக்கு எதிரான ஆட்டத்தில் அடக்க முடியாமல் எழுந்து போனார். எதிரணி சமன் செய்தது. ஒரு மாதம் மாமா அப்பாவுடன் மின்தூக்கியில் ஏறவில்லை. இவ்வளவு கட்டுப்பாடு பேசுகிற மனிதர், ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பையைத் தூக்கிக்கொள்வார். "கூட்டம் கெளம்புறதுக்குள்ள பஸ்ஸப் புடிக்கணும்லா." வீட்டுக்குப் போனால் மாமி இன்னொரு வானொலியில் முழு வருணனையையும் கேட்டு முடித்திருப்பார். "கடைசி நிமிஷத்துல ஒண்ணு போட்டானாமே, எப்படிங்க போட்டான்?" மாமா செருப்பை மெதுவாகக் கழற்றுவார்.

இப்போது 1993-க்கு வர வேண்டும். புருணைக்கு எதிரான ஆட்டத்தில் வி. சுந்தரமூர்த்தி அந்தரத்தில் உடம்பைக் கிடத்திக் கத்தரி உதையில் போட்ட கோலைப் பற்றி, சிங்கப்பூரில் காற்பந்து பார்க்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் அன்று அங்கே இருந்தார்கள். அப்போது பிறக்காதவர்கள்கூடச் சிலர் இருந்தார்கள். மாமா உண்மையாகவே இருந்தார். நானும் இருந்தேன்.

கச்சாங் பூத்தே வாங்கப் போயிருந்த நான் திரும்பி வந்து, இடம் தப்பி, அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். மாமா முழு உடம்பையும் திருப்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை தடவடா சொல்றது? ஒனக்கு இந்தப் பக்கம், ஒங்கப்பாவுக்கு அந்தப் பக்கம். இதக்கூட..." அவர் தோளுக்கு மேலாக எனக்குத் திடல் தெரிந்தது. பந்து மேலே வந்தது. சுந்தரம் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அடுத்த கணம் காலும் தலையும் இடம் மாறியிருந்தன. சத்தம் எழுந்தபோதுதான் மாமா திரும்பினார். வலை ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தார்.

மற்ற எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார், செய்தித்தாளைக் கிழித்து வீசினார், முன்பின் தெரியாத ஒரு சீனரைக் கட்டிப்பிடித்தார். அன்று மட்டும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. கடைசிவரை இருந்து, கூட்டத்தோடு நசுங்கித்தான் ஏறினோம். பாதி வழியில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "தம்பி, எந்தக் காலு?"

சொன்னேன். "பந்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" அதையும் சொன்னேன். தோ பாயோ வருவதற்குள் மொத்தத்தையும் மூன்று முறை கேட்டுக்கொண்டார். மறுநாள் காப்பிக் கடையில் அவரைச் சுற்றி எட்டுப் பேர். அந்தக் கதையின் மூல ஆசிரியன் நான் என்பது இன்றுவரை எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுவருடம் ஷா ஆலாமில் பாஹாங்கை 4-0 என்று நொறுக்கிய இறுதியாட்டம். அப்பாஸ் சாட் மூன்று போட்டார். ஊரே கடற்பாலம் தாண்டிப் போனது. மாமாதான் எங்கள் புளோக்குக்குப் பேருந்து ஏற்பாடு செய்தார், காசு வசூலித்தார், இருக்கை ஒதுக்கினார், எல்லாருக்கும் கடப்பிதழை எடுத்துவரச் சொல்லி இரண்டு முறை நினைவூட்டினார். உட்லண்ட்ஸில்தான் தெரிந்தது, அவருடையது வீட்டு அலமாரியில் இருக்கிறதென்று. பேருந்து போய்விட்டது. திரும்பி வந்த எங்களுக்கு ஆட்டம் எப்படி நடந்தது என்று அவர்தான் விளக்கினார்.

அதன் பிறகு மலேசியப் போட்டிகளிலிருந்து சிங்கப்பூர் விலகிக்கொண்டது. 1996-இல் எஸ்-லீக் வந்தது. மாமா போனார், பலகைகளில் காலை நீட்டிப் படுக்குமளவுக்கு இடம் கிடைத்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டினால் யாராவது சேர்ந்து திட்ட வேண்டுமே.

2007 ஜனவரியில் தாய்லாந்துக்கு எதிரான ஆசியான் இறுதியாட்டத்தின் முதல் சுற்றுக்கு அரங்கம் மறுபடி நிரம்பியது. கடைசிக் கட்டத்தில் நடுவர் நமக்குப் பெனால்டி கொடுத்தார். தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டு திடலைவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை ஆட்டம் கால் மணி நேரம் நின்றது. நாம் 2-1 என்று வென்றோம். மாமா எழுந்து நின்று கைதட்டியது கோல் போட்டவருக்கு அல்ல. "நல்ல ரெஃப்ரி" என்றார். முப்பத்து நான்கு வருட அரங்கில் அந்தச் சொற்றொடரை அன்றுதான் முதலில் கேட்டேன். கடைசியாகவும் அன்றுதான். ஜூன் 30-ஆம் தேதி ஆஸ்திரேலியாவிடம் 0-3 என்று தோற்று அரங்கை மூடினார்கள். பிறகு இடித்தார்கள். அதே இடத்தில் 2014-இல் குவிகூரையோடு புதியது எழுந்தது. மாமாவை அழைத்துப் போனேன். எண் போட்ட பிளாஸ்டிக் இருக்கையில் முரசை விரித்து உட்கார்ந்தார். மழை பெய்தால் தெரியாது, வெயில் அடித்தால் தெரியாது. "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா என்று கேட்கவில்லை.

பழைய அரங்கின் பலகைகளில் சிலவற்றை எடுத்து இருக்கைகளாகச் செய்து ஊருக்குள் சில இடங்களில் போட்டார்கள். அப்படி ஒன்றில் போன வருடம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பலகையைத் தடவி, "நம்ம வரிசை இல்ல, இது மழமழன்னு இருக்கு" என்றார். பக்கத்தில் கைபேசியோடு ஒரு நம்மவர் பையன். பேச்சுக் கொடுத்ததில், சுந்தரமூர்த்தி என்ற பெயர் வந்துவிட்டது.

"நீங்க அந்த கோல நேர்ல பார்த்தீங்களா அங்கிள்?"

மாமா என் சரக்கையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு திடீரென்று, "கோல் விழுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"எப்படி அங்கிள்?"

"இதோ இவன் வாயப் பொளந்தான். மென்னுக்கிட்டிருந்த கடலையெல்லாம் என் சட்டையில. இவனுக்குப் பின்னாடி ஒரு சீனக் கிழவர், ஒதட்டுல சிகரெட்டு, அது அப்படியே கீழ விழுது. அதுக்கு மேல ஒரு மலாய்க்காரப் பொண்ணு, ரெண்டு கையும் கன்னத்துல. மேல கடைசி வரிசை வரைக்கும் அத்தனை மூஞ்சியும் அந்த மாதிரியே. ஒருத்தன் மூச்சு விடல. அப்புறந்தான் சத்தம் வந்துச்சு."

இந்தப் பகுதியை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. முப்பது வருடத்தில் அவரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பையன் விடவில்லை. "எந்தக் கால்ல அங்கிள் அடிச்சாரு?"

மாமா என் பக்கம் திரும்பினார்.