குட்மார்னிங் மிஸ்: ஒலிப்பும் ஒளிப்பும்

ஆய்வுப் பொருள்

எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை பொருள் தெரியாமலே பிழையறப் பாடும் ஆங்கிலத் தொடர்களுள் தலையாயது 'குட்மார்னிங் மிஸ்'. மெக்காலே தம் கல்விக் குறிப்பை எழுதியது 1835இல். இந்தியருக்கு ஆங்கிலக் கல்வியே தகும் என்று நீட்டி வாதிட்டவர், அந்த ஆங்கிலத்தில் காலை வணக்கத்தை எந்த ராகத்தில் இழுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அக்குறையைத் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். நிரப்பியது முற்றிலும் நம் இலக்கண மரபை ஒட்டியே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்திரை

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது கணக்கு. ஒருமுறை கண் இமைக்கும் நேரமோ விரல் நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. அப்படிக் கூட்டினால் 'குட்மார்னிங் மிஸ்' சரியாக 7 மாத்திரை. ஏழு தரம் இமைப்பதற்குள் முடிந்துவிட வேண்டிய வணக்கம், மிஸ் உள்ளே வந்து, கைப்பையை மேசைமேல் வைத்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றும்வரை ஓடுகிறது.

காரணம் அளபெடை. ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காகக் குறில் நெடிலாகி மேலும் நீள்வது இன்னிசை அளபெடை. 'கூஉஉட்' என்பது அதுவே. 'னிங்ங்ங்' என்று மூக்கால் இழுப்பது ஒற்றளபெடை. அளபெடுக்கத் தகுந்த மெய்களின் பட்டியலில் நன்னூலார் ஙகரத்தைச் சேர்த்திருக்கிறார். கடைசி பெஞ்சில் எழும் 'மிஸ்ஸ்ஸ்' மட்டும் இலக்கணத்துக்குப் புறம்பானது. அதற்கு நன்னூலில் அனுமதி இல்லை, வகுப்பிலும் இல்லை.

யாப்பு

'குட்மார்னிங்' என்பதை அசை பிரித்தால் நேர் நேர் நேர், அதாவது தேமாங்காய். 'மிஸ்' ஓரசைச் சீர், வாய்பாடு 'நாள்'. காய்முன் நேர் வருவதால் இடையே வெண்சீர் வெண்டளை. வெண்பாவின் ஈற்றடி எந்தச் சீரில் முடியலாம் என்பதற்கு உள்ள நான்கு வாய்பாடுகளில் 'நாள்' ஒன்று. ஆகவே இத்தொடரை எந்த வெண்பாவின் வாலிலும் கட்டலாம். அளபெடையால் தளை கெடாதா எனக் கேட்போருக்கு விடை: கெடும் இடத்தில் அளபெடையை அலகிட வேண்டாம் என்று யாப்பருங்கலக் காரிகை சலுகை தந்திருக்கிறது.

சில பள்ளிகளில் ஒரு பாடபேதம் கிடைக்கிறது: 'குட்டு மார்னிங் டீச்சர்'. டகர மெய்க்குப் பின் மகரம் வருவது தமிழ் மெய்ம்மயக்கத்துக்கு ஒவ்வாது. எனவே பிள்ளைகள் நடுவே ஓர் உகரத்தைச் செருகிக்கொள்கிறார்கள். செருகியதும் மூன்று சீரும் தேமா, தளை நேரொன்றாசிரியத்தளை, பா ஆசிரியப்பா. ஆசிரியரை ஆசிரியப்பாவால் வணங்குவதைவிடப் பொருத்தம் வேறென்ன? அதன் ஓசை அகவல். வகுப்புக்கு வெளியே நின்று கேட்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஒளிப்பு

இவ்வளவு தேர்ச்சி பெற்ற குழந்தையை வீட்டு ஹாலில் வைத்துச் சோதிக்கும்போது முடிவு தலைகீழாகிறது. விருந்தினர் சோஃபாவில் அமர்ந்ததும், "அங்கிளுக்கு ஹலோ சொல்லு கண்ணா" என்று அம்மா ஆணையிடுகிறார். குழந்தை துப்பட்டாவுக்குள் மறைகிறது. "எங்ககிட்ட நல்லா சொல்லுவான், இன்னிக்கித்தான் என்னமோ..." என்று அப்பா வாக்குமூலம் தருகிறார். "பரவாயில்ல, விடுங்க" என்கிறார் விருந்தினர். அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது, யாரும் கேட்காமலே, துப்பட்டாவுக்குள்ளிருந்து "பை" வருகிறது.

வகுப்பில் முழங்கிய பிள்ளை அதே மிஸ்ஸைக் காய்கறிக் கடையில் கண்டாலும் இதே கதிதான். அங்கே துப்பட்டாவின் இடத்தைத் தக்காளிக் கூடை பிடித்துக்கொள்கிறது.

ஆனால் பொம்மை போனைக் காதில் வைத்துக்கொண்டால் இதே குழந்தை ஓயாமல் "ஹலோ ஹலோ" என்கிறது. தொலைபேசிக்கு அச்சொல்லை 1877இல் பரிந்துரைத்தவர் எடிசன். எதிர்முனையில் ஆளே இல்லாத நிலையை அவர் கருதியிருக்க மாட்டார். மூன்று களங்களையும் சேர்த்துப் பார்த்தால் விதி ஒன்று கிடைக்கிறது: கூட்டத்தில் சொல்லும், ஆளில்லாதபோது சொல்லும், ஒரு முகம் தன்னைப் பார்த்தால் சொல்லாது.

காரணம்

முகமன் செய்தி சொல்வதற்கல்ல, உறவைக் கட்டுவதற்கே என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதினார். நாம் கற்பித்ததோ ஒப்பிப்பு. வகுப்பில் நாற்பது பேர் ஒருவரை வணங்குகிறார்கள். அவர் நாற்பது பேருக்கும் சேர்த்து "சிட் டவுன்" என்கிறார். வீட்டுக்கு வருபவர் "பேர் என்ன? எந்த கிளாஸ்? ஃபர்ஸ்ட் ரேங்கா?" என்று விசாரணையில் இறங்குகிறார். தன் பெயர் சொல்லித் தனக்கென்று ஒருவர் வைத்த வணக்கத்தை அந்தக் குழந்தை அநேகமாகக் கேட்டதே இல்லை. வாங்காத கடனைத் திருப்பிக் கேட்கிறோம்.

பரிந்துரை

விருந்தினர் குனிந்து, குழந்தையின் முகமட்டத்துக்கு வந்து, முதலில் தாமே ஹலோ சொல்ல வேண்டும். சொன்னபின் 7 மாத்திரை காத்திருக்க வேண்டும். அவ்விடைவெளியில் பெற்றோர் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் வழக்கமாகச் செருகும் "சொல்லு, சொல்லு" என்பது தேமா, தேமா, மாமுன் நேர். வெண்பாவில் அது தளை தட்டும்.