வாரம் ஒரு லாரித் தண்ணீர்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன வாரம் வீடியோவில் என் வீட்டு வாசலைக் காட்டினேன். தரைக்குள்ளிருந்து குழாய்கள் தலையைத் தூக்கித் தண்ணீர் பீய்ச்சியதைப் பார்த்துவிட்டு, "தெளிப்பு நீர்ப் பாசனமா? என்னடா போட்டிருக்கே, உளுந்தா, மல்லாட்டையா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி போனை வாங்கிக்கொண்டார்கள், பேச்சு முருங்கைக்கீரை பக்கம் போய்விட்டது. அதற்குள் நெய்வேலி ஆர்ச் கேட் டீக்கடையில் நான் அமெரிக்காவில் பண்ணை வைத்திருப்பதாகச் செய்தி ஓடுகிறதாம். அங்கே அரசாங்க மானியம் எத்தனை சதவீதம் என்று ஒருவர் விசாரித்தாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு இந்தச் சாமானுக்கெல்லாம் 100 சதவீதம் மானியம் உண்டு. ஆகவே விஷயத்தை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிர் செய்வது புல். மகசூல், அதுவும் புல்தான்.

என்ன புல் தெரியுமா? சாட்சாத் அருகம்புல். நீங்கள் மல்லாட்டைக் கொல்லையில் களைக்கொத்தால் குத்திக் குத்தி எடுத்து வரப்பில் எறிவீர்களே, ஒரு கணு மண்ணில் தங்கினால்கூட அடுத்த மழைக்கு எழுந்து நின்று சிரிக்குமே, அதேதான். இங்கே அதற்குப் பெர்முடா என்று பெயர். பாயாகச் சுருட்டி லாரியில் கொண்டுவந்து விரித்து, பில்லையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு கைப்பிடி பறிப்பேன். மீதியை மேய மாடு கிடையாது. உரம் போட்டு வளர்க்கிறோம், தண்ணீர் விடுகிறோம், வளர்ந்துவிட்டதே என்று ஆள் வைத்து வெட்டுகிறோம், வெட்டியதைக் காகிதப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கிறோம். வெட்ட வருகிறவருக்கு ஒரு தடவைக்கு 45 டாலர். அவருடைய மெஷின் ஒரு குழாய்த் தலையைச் சீவிவிட்டுப் போனால் அது தனிச் செலவு.

இந்தக் கூத்து என் வீட்டோடு நிற்கவில்லை. 2005-ல் நாசாவோடு சேர்ந்த ஆய்வாளர்கள் சாட்டிலைட் படங்களை வைத்து அமெரிக்காவின் புல்தரைகளை அளந்தார்கள். வீட்டு வாசல், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் வந்தது. நம் தமிழ்நாடு மொத்தமே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். இந்த நாட்டில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களில் பரப்பில் முதலிடம் மக்காச்சோளத்துக்கு இல்லை, யாரும் தின்னாத இந்தப் புல்லுக்குத்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். நீங்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பு பிரிவில் இருந்தவர், கணக்கு இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். முன்வாசல், பின்வாசல் சேர்த்துப் புல் 5,000 சதுர அடி. வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒரு அங்குலம் தண்ணீர் காட்டு என்பது பொதுவான வழக்கு. 5,000 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்றால் சுமார் 3,100 காலன். நம் கணக்கில் ஏறக்குறைய 11,800 லிட்டர். சென்னையில் தெருத்தெருவாகப் போகிறதே 12,000 லிட்டர் டேங்கர் லாரி, அதில் ஒன்றை வாரா வாரம் வாசலில் கவிழ்க்கிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் என் அருகம்புல் ஒரு வேளை குடிப்பதை வைத்து நம் வடக்குத்து கிராமத்தில் ஒரு ஆள் ஏழு மாதம் தள்ளலாம்.

ஜனவரியில் 60 டாலர் வந்த பில் ஜூலையில் 118. நம் ரூபாயில் பத்தாயிரத்துக்கு மேல். தண்ணீருக்குப் படிப்படியாக விலை. முதல் படியில் சல்லிசு, குடிக்கவும் குளிக்கவும் போதும். மேலே ஏற ஏற ஒவ்வொரு காலனும் விலை கூடும். புல் குடிப்பது முழுக்க மேல்படித் தண்ணீர். பம்புசெட்டுக்கு இலவசக் கரண்டு வாங்குகிற உங்களிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

தண்ணீர் ஒழுங்காகத்தான் விழுகிறதா என்று பார்க்க இங்குள்ள விவசாய விரிவாக்கத் துறை ஒரு வழி சொல்லிக் கொடுக்கிறது. புல்லில் அங்கங்கே ஒரே அளவு டப்பாக்களை வைத்து, கால் மணி நேரம் திறந்துவிட்டு, எதில் எவ்வளவு என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். ஒரே அளவு டப்பாவுக்கு நான் எங்கே போவேன்? உங்கள் மருமகள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜனை எடுத்து வரிசையாக வைத்தேன். அடிப்பக்கம் பெயர் வெட்டினது. சுவரோரத்து டம்ளரில் விளிம்புவரை தண்ணீர். நடுவில் இருந்ததில் தொண்டை நனையக் காணாது. ஏசி பெட்டிக்குப் பின்னால் இருந்தது காய்ந்தே கிடந்தது. காற்று வேறு, பாதித் தண்ணீரை ரோட்டில் கொண்டுபோய்க் கொட்டியது. ரோட்டில் தண்ணீர் ஓடினால் இந்த ஊரில் அபராதம். நாயைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "உங்கள் பண்டிகையா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆடி மாதம்தானே, ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் அவர் தன் வாசலில் டுனா மீன் டின்களை அடுக்கியிருந்தார். அவரும் கொண்டாடுகிறார்.

இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்களுக்குப் பிடித்த இடம். ஊருக்கு அடியில் எட்வர்ட்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை. வடமேற்கு மேட்டில் பெய்யும் மழை பாறை வெடிப்பில் இறங்கி, நகரத்துக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. துளை போட்டால் சில இடங்களில் தானாகவே பொங்கும். நம் பக்கத்து ஆர்ட்டீசியன் ஊற்றேதான். நெய்வேலியில் கரிக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, பம்பை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிளந்து மேலே வரும் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நீங்கள் சொல்லிப் பயமுறுத்துவீர்கள். ரிட்டயர் ஆகும்வரை, ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று அந்தத் தண்ணீரை வேண்டாம் வேண்டாம் என்று வெளியே தள்ளிச் சம்பளம் வாங்கினீர்கள். அதில் படித்து வந்த நான், அதே ரகத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் ஊற்றுகிறேன். குடும்பத்தின் கணக்கு எப்படியோ நேராகிவிட்டது.

வீராணம் 47.50 அடியில் இன்றைக்கு எவ்வளவு என்று நம் பேப்பரில் போடுவது மாதிரி, இங்கே ஜே-17 என்று ஒரு கிணறு. ராணுவ முகாமுக்குள் இருக்கிறது. அதன் மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து அடிக்கணக்கில் தினமும் சொல்வார்கள். பத்து நாள் சராசரி 660-க்குக் கீழே போனால் முதல் கட்டக் கட்டுப்பாடு. இன்னும் இறங்கினால் அடுத்த கட்டம். 1956 பஞ்சத்தில் 612 வரை இறங்கி, பக்கத்து ஊரின் கோமல் ஊற்று மாதக்கணக்கில் வறண்டே போனது. அதே 1956-ல்தான் நம் ஊரில் லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கியது. அங்கே ஆபீஸ் திறக்கிறார்கள், இங்கே ஊற்று மூடுகிறது.

கட்டுப்பாடு வந்துவிட்டால் ஸ்பிரிங்க்ளருக்கு வாரம் ஒரே நாள், அதுவும் காலையிலும் ராத்திரியிலும் குறித்த நேரத்தில். எந்த நாள் என்பதை வீட்டு நம்பரின் கடைசி எண் சொல்லும். 0, 1 என்றால் திங்கள். 2, 3 செவ்வாய். எங்களுடையது 4-ல் முடிகிறது, புதன். சனி, ஞாயிறு யாருக்கும் இல்லை. வீடு வாங்கும்போது சித்தி வாஸ்து கேட்டார்கள், கூட்டுத்தொகை கேட்டார்கள். கடைசி எண்ணைப் பற்றி அவர்களுக்கும் தோன்றவில்லை.

இத்தனை கெடுபிடிக்கும் மூலகாரணத்தில் ஒரு மீனுக்குப் பங்கு உண்டு. கோமல், சான் மார்க்கோஸ் ஊற்றுகளில் மட்டும் வாழும் ஃபவுண்டன் டார்ட்டர். நீளம் ஒரு அங்குலம். குழம்புக்கு ஆகாது. 1991-ல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, நிலத்தடி நீரை வரைமுறை இல்லாமல் உறிஞ்சினால் ஊற்று வற்றி இந்த மீனும் கண்ணில்லாத ஒரு சாலமாண்டரும் அழியும் என்று மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. அதே வருஷம்தான் ஊருக்குத் தெற்கே ஒருவர் ராட்சதக் கிணறு போட்டுக் கெளுத்தி வளர்க்கக் கிளம்பினார். நகரத்தில் நாலில் ஒரு பங்கு ஜனம் செலவழிக்கும் தண்ணீர் அந்த ஒரு பண்ணைக்கே போகிறது என்று அப்போது கணக்குப் போட்டார்கள். கிணறு என் நிலத்தில், தண்ணீர் என் தண்ணீர் என்பதுதான் அதுவரை டெக்சாஸ் சட்டம். 1993-ல் நீதிபதி லூசியஸ் பன்டன் ஊற்றுகளைக் காப்பாற்றச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தார். சட்டசபை அவசரமாக எட்வர்ட்ஸ் ஆணையத்தை உண்டாக்கி எல்லோருக்கும் அளவு வைத்தது. பெரிய மீனை வளர்த்தவரையும் என்னையும் அந்தச் சின்ன மீன் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டது. சொன்னால் கோபிக்காதீர்கள், நம் பக்கத்துக்கும் அப்படி ஒரு மீன் இருந்திருக்கலாம்.

தண்ணீர் வாரியம் விடாதே என்கிறதா? எங்கள் குடியிருப்புச் சங்கம் விடு என்கிறது. ஜூலைக் கடைசியில் படம் இணைத்து ஒரு கடிதம் வந்தது: முன்வாசல் புல் பழுப்பாகத் தெரிகிறது, பதினான்கு நாளில் சரிசெய்யவும். பழுப்பு நிலக்கரியில் சோறு தின்ற குடும்பத்துப் பையனுக்குப் பழுப்புக்காக நோட்டீஸ்! உண்மையில் புல் சாகவில்லை, தூங்குகிறது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் இந்த ஊரிலேயே நகரும் கூரை போட்டு, 25 வகைப் புல்லை 60 நாள் ஒரு சொட்டு காட்டாமல் காயப்போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆழமான மண்ணில் இருந்த அருகு, திரும்பத் தண்ணீர் கண்டதும் துளிர்த்துக்கொண்டது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சியை உங்கள் வரப்பில் ஒரு மே மாதம் நின்று பார்த்தே முடித்திருக்கலாம். ஆக, நான் வாரம் ஒரு லாரி ஊற்றுவது புல்லின் தாகத்துக்கு இல்லை. போகிற வருகிறவர்கள் கண்ணுக்கு.

2013-லேயே டெக்சாஸில் சட்டம் போட்டுவிட்டார்கள், வறட்சி தாங்கும் செடி வைக்கிறவனைச் சங்கம் தடுக்கக்கூடாது என்று. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் முன்வாசலை முழுக்கக் கூழாங்கல்லும் கற்றாழையுமாக மாற்றிவிட்டார். புல்லைப் பெயர்த்தால் தண்ணீர் வாரியமே கூப்பன் கொடுக்கிறது. முதலில் தண்ணீரை விற்றார்கள், இப்போது வாங்காமல் இருக்கக் காசு தருகிறார்கள். நானும் மனு போட்டிருக்கிறேன். உங்கள் மருமகள் அந்த இடத்தில் முருங்கை வேண்டும் என்கிறாள். 2021 பிப்ரவரியில் இந்த ஊர் உறைந்தபோது சுவரோரத்துப் பித்தளை வால்வுக்குச் சுற்றின என் நெய்வேலி லுங்கியே விறைத்து நின்றது. வால்வு வெடித்துவிட்டது. முருங்கை எந்த மூலைக்கு?

கடைசியாக, நீங்கள் கிளம்பி வருவது பற்றி. டிசம்பரில் டிக்கெட் மலிவு என்று தம்பி சொன்னான். தயவுசெய்து டிசம்பர் வேண்டாம். இங்கே சாக்கடைக்கும் தனிக் கட்டணம். புல்லுக்கு விடும் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது அல்லவா? அதனால் புல் தூங்கும் குளிர்காலத்தில், நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை, வீட்டுக்குள் எவ்வளவு செலவாகிறது என்று சராசரி எடுத்து, அதை வைத்து வருஷம் முழுக்கச் சாக்கடைக் கட்டணம் போடுகிறார்கள். அந்த நாலு மாதம் இந்த வீட்டில் குழாயைத் திறப்பவர்மேல் எல்லோருக்கும் ஒரு கண். பிள்ளைகள் குளிக்கவில்லை என்றால் நான் அதட்டுவதில்லை. நீங்களோ இரண்டு வேளை தலைக்கு ஊற்றிக் குளிப்பவர். சித்தி விடிந்தால் வாசல் கழுவுகிறவர்கள். ஒரு மாதம் தங்கினால் அடுத்த குளிர்காலம் வரை நான் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏப்ரலில் வாருங்கள், எத்தனை வேளை வேண்டுமானாலும் குளியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்