நாலு புள்ளி மொய்

கறுப்புத் திரையில் வந்து நின்றது 500500. ஐந்து லட்சத்து ஐந்நூறு ரூபாய் மொய்! மணமேல்குடி நண்பர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வந்த ஐந்நூறோடு மேற்கொண்டு ஐந்நூறு போட்டு ஆயிரமாகச் செய்யணும் என்றுதான் அம்மா சொல்லியிருந்தார்.

ஆடி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல்தான். கறிச்சோறு தின்று கை கழுவியவர் நேரே மொய் எழுதும் மேஜைக்குப் போவார். வாங்கியதை அப்படியே திருப்பினால் கணக்கு தீர்ந்தது. மேலே கொஞ்சம் போட்டால் உறவு ஓடும். அம்மாவிடம் இந்த வரவுசெலவு நான்கு நோட்டுகளில் கிடக்கிறது. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் மகனுக்கு, வேலையில் பழகிய ஜேசானெட்டை அதன்மேல் ஏவிப்பார்க்க ஆசை.

ஜேசானெட், கூகுளில் டேவ் கன்னிங்காம் உருவாக்கி 2014-இல் வெளிவந்த மொழி. கல்யாணப் பத்திரிகை அச்சகத்து வேலைதான் அதற்கு. ‘நிகழும் மங்களகரமான’ எல்லாம் ஏற்கெனவே கோத்திருக்கும். பெண், மாப்பிள்ளை பெயரை மட்டும் கொடுத்தால் போதும். கட்டளையை அடித்து எண்டரைத் தட்டினால் முழு ஜேசான் தரவும் விரிந்து வந்துவிடும். அதன் பாடக் குறிப்பில் உதாரணமாக இருப்பவை காக்டெயில் செய்முறைகள். அம்மா காபி கொண்டுவரும் நேரத்தில் படிக்க உகந்ததல்ல.

சரி, ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது? பழைய மொய்யை நண்பர் ‘எக்ஸ்ட்-ஸ்டர்’ என்ற வாசல் வழியாக உள்ளே அனுப்பியிருந்தார். அந்த வழியாகப் போகும் எதுவும் எழுத்துதான், எண் ஆகாது. எழுத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் ஜேசானெட் மறுபேச்சுப் பேசாது, பக்கத்தில் ஒட்டிவைத்துவிடும். தொகையின் இரு புறமும் மேற்கோள் குறி இருந்ததை நண்பர் கவனித்தது அரைமணி கழித்துத்தான். ‘எக்ஸ்ட்-கோட்’ என்று மாற்றியதும் ஆயிரம் ஆயிரமாகவே வந்தது.

மேற்கோள் குறியோடு அவருக்கு வேறொரு வழக்கும் உண்டு. ஆங்கிலத்தில் ‘நேம்’ என்றால் வெறுங்கையோடு உள்ளே விடும் மொழி, ‘பெயர்’ என்று தமிழில் எழுதினால் மேற்கோள் குறி போட்டு வரச் சொல்கிறது. போட்டார். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியும் கொடுத்தார். ஜேசானெட் தன் வழக்கப்படி அகரவரிசையில் அடுக்கி, ஊர், தொகை, பெயர் என்று நீட்டியது.

“பேருக்கு முன்னாடி காசா? சண்டை வந்துரும் தம்பி” என்றார் அம்மா.

1.ஊர், 2.பெயர், 3.தொகை என்று எண் போட்டுச் சமாளித்த பெருமையில், நண்பர் தன் கடைசி வித்தையையும் காட்டினார். சாதாரணமாகப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைப்பார்கள். இரண்டாக வைத்தால், அதாவது நாலு புள்ளி, அந்த விவரம் கணக்கில் இருக்கும். வெளியே அச்சாகி வராது.

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“அப்ப ஒங்க பெரிய மாமா நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு எழுதுன நூத்தியோரு ரூவாய்க்கு அந்த நாலு புள்ளியப் போட்டுரு. பாவம், பட்டியல அவரும் பாப்பாருல்ல.”