கோப்பியும் கொப்பியும்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை விடிய விடியக் கைபேசியில் எடுத்தேன். கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு அனுப்ப முடியவில்லை, அவ்வளவு பெரிய கோப்பு. காசு கொடுத்து மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: ஒரு சதமும் வேண்டாம். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இலவசம். பட்டன் எதுவும் இருக்காது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கூத்தில் ரதி, மதன் ஆடும் பகுதி மட்டும் போதுமென்றால், தொடங்கும் நேரம், முடியும் நேரம் கொடுத்து, ‘சி கொப்பி’ (-c copy) என்று சேருங்கள். (தேயிலைக்கு முன் நம் மலையில் விளைந்த கோப்பி அல்ல!) சாக்கு மாறினாலும் தூள் மாறாதது போல, படத்தின் தரம் அப்படியே இருக்கும். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். வெட்டு மட்டும் சற்று முன்பின்னாக விழலாம்.

கோப்பின் அளவைக் குறைக்கத்தான் படத்தை மறுபடி வறுக்க, அதாவது மறுகுறியாக்கம் செய்ய, வேண்டும். எச்.264 என்ற சுருக்கும் முறையில், தரத்தைக் குறிக்கும் ‘சிஆர்எஃப்’ (-crf) எண் வழக்கமாக 23. அதை 28 ஆக வைத்துப் பாருங்கள். கோப்பு நன்றாகச் சுருங்கும், தரம் கொஞ்சம் குறையும்.

அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள். சுருக்கியதிலிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது.